கோயில் சபையில் துணைத் தலைவர், வயது 34: தலைவராகும் முன் எதைக் கற்க வேண்டும்?

தென்னாப்பிரிக்காவில் டர்பனை அடுத்த பீனிக்ஸிலிருந்து ஒருவர் கேட்டிருப்பதை முதலில் என் வார்த்தையில் சொல்லிவிடுகிறேன். வயது 34. போன பொதுக்கூட்டத்தில் ஊர்க் கோயில் சபைக்குத் துணைத் தலைவராகத் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள். இரண்டு வருடத்தில் இப்போதைய தலைவர் விலகுவார், அந்த இடம் உனக்குத்தான் என்று பெரியவர்கள் பேசி வைத்திருக்கிறார்கள். இணையவழித் தலைமைப் பயிற்சி ஒன்றுக்கு 18,000 ராண்ட் கேட்கிறார்கள், கட்டிச் சேரலாமா என்பது கேள்வி. ஆனால் கடைசி இரண்டு வரியில்தான் விஷயம் இருக்கிறது: "குழுவில் பாதிப் பேர் என் அப்பா வயது. நான் பேசினால் சிரித்துவிட்டு அடுத்த விஷயத்துக்குப் போய்விடுகிறார்கள். எனக்குத் தலைமைத் தகுதி வருமா?" ஆக, பயிற்சியில் சேரலாமா என்பது இரண்டாவது கேள்வி. தலைமை என்பது கற்று வருவதா, வரும் என்றால் இந்தச் சபைக்குள்ளேயே அதை எப்படிக் கற்பது என்பதுதான் முதல் கேள்வி. அதற்குத்தான் பெரும்பகுதி பதில் எழுதுகிறேன்.

தகுதி வருமா என்பதில் உறுதியாகச் சொல்ல முடிந்ததை முதலில் சொல்கிறேன். 2006இல் அமெரிக்காவின் மினசோட்டாவில் இரட்டையராகப் பிறந்த ஆண்களை வைத்துச் செய்த ஓர் ஆய்வு வெளிவந்தது. பொறுப்பான பதவிகளுக்கு யார் வருகிறார்கள் என்பதில் ஆளுக்கு ஆள் காணும் வேறுபாட்டில் சுமார் 30 விழுக்காடு பிறவிக் கூறுகளோடு சேர்ந்து போகிறது என்று அது கண்டது. மீதியை எல்லாம் படித்துச் சம்பாதித்துவிடலாம் என்று இதற்குப் பொருளில்லை. வளர்ந்த வீடு, கிடைத்த வாய்ப்பு, அதிர்ஷ்டம் எல்லாம் அந்த மீதிக்குள் அடக்கம். அதோடு, அந்த ஆய்வு பார்த்தது யார் பதவிக்கு வந்தார்கள் என்பதைத்தான். வந்தவர்கள் நன்றாக நடத்தினார்களா என்பது வேறு கதை. ஆனாலும் ஒன்று தெளிவு. "எனக்கு அது பிறவியிலேயே இல்லை" என்று 34 வயதில் கைகழுவிவிட ஆதாரம் கிடையாது.

இன்னொரு கணக்கும் உங்கள் காதில் விழுந்திருக்கும். தலைவர்கள் கற்பதில் 70 விழுக்காடு வேலையில், 20 விழுக்காடு பிறரிடம், 10 விழுக்காடு வகுப்பில் என்பார்கள். பயிற்சி விற்பவர்கள் இதை அறிவியல் விதி போலச் சொல்வார்கள். இது 1980களில் அமெரிக்க நிர்வாகிகளிடம் "உங்களை உருவாக்கியவை எவை" என்று கேட்டுத் தொகுத்த பதில்களிலிருந்து வந்தது. யாரும் அளந்து பார்த்த எண் அல்ல. வேலை செய்யும் இடம்தான் பெரிய பள்ளிக்கூடம் என்ற திசை சரி, எண்களை நம்ப வேண்டாம். மனிதர்களைச் சில எழுத்துகளில் வகைபிரிக்கும் ஆளுமைத் தேர்வுகளையும் தலைமைக்கான அளவுகோலாக எடுக்க வேண்டாம். ஒரே ஆள் சில வாரம் கழித்து மறுபடி எழுதினால் வேறு வகையில் போய் விழுவது சாதாரணமாக நடக்கிறது.

வேலை கற்றுக்கொடுக்கும் என்றால், 20 வருடம் தலைவராக இருந்தவர்கள் எல்லோரும் நல்ல தலைவர்களாக இருக்க வேண்டும். அப்படி இல்லை என்பது உங்களுக்கே தெரியும். அனுபவம் தானாக எதையும் கற்றுத் தருவதில்லை. காரணம் எளிது. இன்று எடுத்த முடிவின் பலன் ஆறு மாதம் கழித்து வருகிறது. அதற்குள் நாம் என்ன நினைத்து அந்த முடிவை எடுத்தோம் என்பது மறந்துபோகும். நன்றாக முடிந்தால் "நான் அப்போதே சொன்னேன்" என்போம், கெட்டுப்போனால் இன்னொருவரைக் கைகாட்டுவோம். இதை உடைக்க ஒரு 80 பக்க நோட்டு போதும். தனியாகவோ குழுவோடு சேர்ந்தோ ஒரு முடிவு எடுக்கும் ஒவ்வொரு முறையும், அன்றிரவே ஐந்து வரி எழுதுங்கள். என்ன முடிவு, எதற்காக, வேண்டாம் என்று தள்ளியது எது, எந்தத் தேதிக்குள் என்ன நடக்கும் என்று எதிர்பார்க்கிறேன், அதில் எனக்கு நூற்றுக்கு எவ்வளவு நம்பிக்கை. 90 நாள் கழித்து அந்தப் பக்கத்துக்குத் திரும்பி வந்து நடந்ததை எதிர்ப்பக்கத்தில் எழுதுங்கள். மாதம் மூன்று பதிவு என்றால் வருடத்துக்கு 36. பத்துப் பன்னிரண்டு பதிவைத் தாண்டும்போதே உங்கள் பழக்கமான தவறு முகம் காட்டும். ஒருவருக்கு அது எப்போதும் செலவைக் குறைத்து மதிப்பிடுவதாக இருக்கும், இன்னொருவருக்கு "அவர் செய்துவிடுவார்" என்று நம்பிய ஒரே ஆள் மூன்று முறை செய்யாமல் விட்டதாக இருக்கும். வெளியில் எவரும் இதை உங்களுக்குச் சொல்லித் தர முடியாது. நோட்டை யாரிடமும் காட்டாதீர்கள். காட்டப் போகிறோம் என்று தெரிந்தால் கை பொய் எழுதும்.

அடுத்தது குழுவாகச் சேர்ந்து கற்பது. திருவிழா முடிந்த மூன்று நாளுக்குள், அண்டாவும் கரண்டியும் கழுவி அடுக்கிய கையோடு, 45 நிமிடம் உட்காருங்கள். கேட்க வேண்டியவை நான்கு. என்ன நடக்க வேண்டும் என்று திட்டமிட்டோம்? உண்மையில் என்ன நடந்தது? வித்தியாசம் எதனால் வந்தது? அடுத்த முறை எதை மாற்றுகிறோம், யார் பொறுப்பு? இப்படி உட்கார்ந்து அலசும் வழக்கம் அமெரிக்க ராணுவத்தில் 1970களில் உருவானது, பிறகு மருத்துவமனைகளுக்கும் தீயணைப்புத் துறைகளுக்கும் பரவியது. இதைப் பற்றிய ஆய்வுகளைத் திரட்டி 2013இல் வெளிவந்த தொகுப்பாய்வு, ஒழுங்காக நடத்தினால் செயல்திறன் சராசரியாக 20 முதல் 25 விழுக்காடு உயர்வதாகச் சொல்கிறது. தலைமை பற்றி எழுதப்படும் எத்தனையோ விஷயங்களில் இவ்வளவு திடமான ஆதாரம் உள்ளவை குறைவு. அதனால் இதில் கொஞ்சம் நின்று சொல்கிறேன்.

தைப்பூசக் காவடியை எடுத்துக்கொள்வோம். அன்னதானத்துக்கு 1,200 பேர் என்று கணக்குப் போட்டிருந்தீர்கள். ஒரு கிலோ அரிசி எட்டு முதல் பத்துப் பேருக்கு வரும் என்று 130 கிலோ வடித்தாயிற்று. மதியம் 1.30க்கு அண்டா காலி, வரிசையில் இன்னும் 200 பேர். கூட்டத்தில் முதல் வாய்ப்பேச்சு "சமையல்காரர் கணக்குத் தப்பிவிட்டது" என்றுதான் வரும். தலைமை தாங்குபவர் அங்கேயே நின்றுவிட்டால் கற்றல் முடிந்தது, ஒரு சமையல்காரர் மனக்கசப்போடு போனதுதான் மிச்சம். இன்னும் இரண்டு முறை "எதனால்" என்று கேளுங்கள். சமையற்கட்டுக்கு 1,200 என்ற எண் எப்போது போனது? டிசம்பரில். காவடிப் பதிவு எப்போது முடிந்தது? திருவிழாவுக்கு மூன்று நாள் முன்பு. போன வருடத்தைவிட எத்தனை காவடி கூட? 40. ஒரு காவடியோடு வீட்டு ஆட்கள் எத்தனை பேர் வருவார்கள்? ஆறு பேர் என்று வைத்தால் 240. பதிவுப் புத்தகம் முன்மண்டபத்து மேசையில் கிடந்தது, சமையற்கட்டு பின்னால் இருக்கிறது, நடுவில் ஒருவரும் நடக்கவில்லை. இப்போது தீர்வு தன்னாலே வருகிறது. பதிவு மேசையில் இருப்பவர் திருவிழாவுக்கு நான்கு நாள் முன்பும் இரண்டு நாள் முன்பும் மாலை 6 மணிக்கு எண்ணிக்கையை எழுதி சமையற்கட்டுச் சுவரில் ஒட்ட வேண்டும். 30 கிலோ அரிசி களைந்து தனியாக இருக்க வேண்டும். பெரிய அண்டாவில் தண்ணீர் கொதிக்கவே முக்கால் மணி நேரம் ஆகும் என்பதால் 11.30க்கே இன்னொரு அடுப்பில் உலை ஏற்றிவிட வேண்டும். 12 மணிக்குத் தட்டுக் கட்டுகளை எண்ணினால் எத்தனை பேர் சாப்பிட்டிருக்கிறார்கள் என்று தெரிந்துவிடும். தேவையில்லை என்றால் வெந்நீர் பாத்திரம் கழுவப் போகட்டும்.

இந்தக் கூட்டம் கெட்டுப்போவது இரண்டு வழியில். ஒன்று, பெரியவர் முதலில் பேசிவிடுவது. அவர் சொன்னதற்குப் பிறகு மற்றவர்கள் தலையாட்டுவார்கள். ஆகவே வயதில் சிறியவர், அல்லது வேலையில் கடைநிலையில் நின்றவர் முதலில் பேசட்டும், நடத்துபவர் கடைசியில் பேசட்டும். இரண்டு, யாரும் தன் தவறைச் சொல்லாமல் இருப்பது. அதைத் திறக்க ஒரே வழி நீங்கள் முதலில் உங்கள் தவறு ஒன்றைச் சொல்வதுதான், அதுவும் பொத்தாம்பொதுவாக இல்லாமல் திட்டமாக: "டிசம்பருக்குப் பிறகு எண்ணிக்கையை நான் ஒரு தடவைகூடக் கேட்கவில்லை." தவறை வெளியில் சொல்லும் குழுக்கள் அதிகம் தவறு செய்வது போலத் தோன்றும். உண்மையில் மற்றக் குழுக்களில் அவை மறைக்கப்படுகின்றன. மருத்துவமனைகளில் மருந்துத் தவறுகளை ஆராய்ந்து 1990களில் எமி எட்மண்ட்சன் என்ற ஆய்வாளர் கண்டது இதைத்தான். நன்றாக இயங்கிய குழுக்களிலிருந்துதான் தவறுகள் அதிகமாகப் பதிவாயின.

இனி, பேசினால் சிரிக்கிறார்கள் என்பது. இதற்குத் தன்னம்பிக்கைப் பேச்சு உதவாது, தயாரிப்பு உதவும். பல சபைகளில் உண்மையான கூட்டம் கூட்டத்துக்குப் பிறகு கார் நிற்கும் இடத்தில் நடக்கிறது. அதைக் கூட்டத்துக்கு முன்னால் நகர்த்துங்கள். முக்கியமான விஷயம் என்றால், பத்து நாள் முன்பே அதற்கு எதிராக நிற்கக்கூடிய இரண்டு பெரியவர்களை வீட்டுக்குப் போய்ப் பாருங்கள். "தாத்தா, இதற்கு முன்னால் இதைச் செய்து பார்த்திருக்கிறீர்களா? அப்போது எங்கே சிக்கியது?" என்று கேளுங்கள். இது முகஸ்துதி இல்லை. கழிவுநீர்க் குழாய் எந்தப் பக்கம் ஓடுகிறது, நகராட்சியில் எந்தக் கோப்பு மூடாமல் கிடக்கிறது, எந்த இரண்டு குடும்பத்துக்குப் பேச்சுவார்த்தை இல்லை என்பதெல்லாம் அவர்கள் தலைக்குள்தான் இருக்கிறது, எந்தப் பயிற்சியிலும் கிடைக்காது. அவர்கள் சொன்னதில் ஒன்றையாவது உங்கள் திட்டத்தில் சேர்த்து, கூட்டத்தில் அவர் பெயரைச் சொல்லியே சொல்லுங்கள். எதிர்த்தால் எதிர்க்கட்டும், ஆனால் சபைக்கு நடுவில் யாரையும் திடீரென்று மாட்டிவிடாதீர்கள். எத்தனை செய்தாலும் மசியாத ஒருவர் இருக்கத்தான் செய்வார். அவரை மாற்றுவதை ஒரு திட்டமாக வைத்துக்கொள்ளாதீர்கள். அவர் எதிர்ப்பைக் கூட்டக் குறிப்பில் சரியாக எழுதிவையுங்கள், அது போதும். நாற்காலியில் இல்லாதவர்களிடமும் போங்கள். சமையலையும் பஜனையையும் கோலத்தையும் தாங்குகிற அக்காக்கள், ஆயாக்கள், வாசலில் நிற்கும் காவலாளி, புல் வெட்ட வரும் ஜூலு மொழிக்காரர். அவரிடம் "சாவுபோனா" என்ற வணக்கத்தோடு நிறுத்தாமல் அவர் மொழியில் நான்கு வாக்கியம் பேசக் கற்றுக்கொள்ளுங்கள். இரவில் கோயில் மதிலைச் சுற்றி என்ன நடக்கிறது என்பது குழுவைவிட அவரைப் போன்றவர்களுக்கும் காவலாளிக்கும்தான் தெரியும்.

கூட்டம் நடத்துவது கைவேலை. தச்சுவேலை மாதிரி, செய்து செய்துதான் வரும். ஏழு நாள் முன்பு நிகழ்ச்சி நிரல் வாட்ஸ்ஆப்பில் போக வேண்டும். ஒவ்வொரு பொருளுக்கும் எதிரே அது வெறும் தகவலா, கருத்துக் கேட்பா, முடிவா என்று எழுதி, எத்தனை நிமிடம் என்றும் போடுங்கள். முடிவெடுக்க வேண்டியவை முதல் ஒரு மணி நேரத்தில் வரட்டும். இரவு ஒன்பதரைக்கு எடுக்கும் முடிவு களைப்பு எடுத்த முடிவு. முடிவை எழுதும் விதத்திலும் பாதி வேலை இருக்கிறது. "கூரைப் பழுது பற்றி விவாதிக்கப்பட்டது" என்று எழுதினால் மூன்று மாதம் கழித்தும் கூரை ஒழுகும். "கூரைப் பழுதுக்கு மூன்று கொட்டேஷன் வாங்குவது, பொறுப்பு இன்னார், மார்ச் 15க்குள், மேல்வரம்பு 60,000 ராண்ட், ஆதரவு 7, எதிர்ப்பு 2" என்று எழுதினால் மார்ச் 16ஆம் தேதி கேட்க ஒரு கேள்வி கையில் இருக்கும். 48 மணி நேரத்துக்குள் குறிப்பு எல்லோருக்கும் போய்விட வேண்டும். துணைத் தலைவராக இருக்கும் இந்த இரண்டு வருடம் உங்களுக்கு நல்ல வாய்ப்பு. முதல் மூன்று மாதம் ஒவ்வொரு கூட்டத்திலும் ஒரு பொருளை மட்டும் நடத்தித் தரக் கேளுங்கள். பிறகு காலாண்டுக்கு ஒரு முழுக் கூட்டம். தப்பு நடந்தாலும் பக்கத்தில் தலைவர் இருக்கிறார்.

வேலையைப் பிரித்துக் கொடுப்பதில்தான் புதுத் தலைவர்கள் அதிகம் சறுக்குகிறார்கள். "நீ பார்த்துக்கோ தம்பி" என்று விட்டுவிட்டு, இரண்டு வாரம் கழித்து "இப்படியா செய்வாய்" என்று பிடுங்கிக்கொள்வார்கள். கொடுக்கும்போதே எந்த அளவுக்குக் கொடுக்கிறீர்கள் என்று வாயால் சொல்லிவிடுங்கள். விசாரித்துவிட்டு வந்து சொல் என்பது ஒன்று. யோசனையோடு வா, சேர்ந்து முடிவெடுப்போம் என்பது இரண்டு. செய்துவிட்டுச் சொல் என்பது மூன்று. உன் முடிவு, சொல்லக்கூடத் தேவையில்லை என்பது நான்கு. கூடவே செலவு வரம்பு எவ்வளவு ராண்ட், நடுவில் எந்தத் தேதியில் பேசுவோம் என்ற இரண்டும். பூமாலை ஏற்பாட்டை மூன்றாம் படியில் 4,000 ராண்ட் வரம்போடு கொடுத்தால், மாலையின் நிறம் உங்களுக்குப் பிடிக்காவிட்டாலும் வாயைத் திறக்கக் கூடாது. அங்கே நீங்கள் பயில்வது அந்த மௌனத்தைத்தான். அடுத்த முறை அதே ஆளுக்கு ஒரு படி ஏற்றிக் கொடுங்கள்.

உங்களைப் பற்றி உண்மையைச் சொல்ல ஆள் வேண்டும், நம் சபைகளில் கிடைக்க அரிதானது இது. வயதுக்கும் உறவுக்கும் மரியாதை கொடுத்து எதிரில் யாரும் சொல்ல மாட்டார்கள். "நான் எப்படிச் செய்கிறேன்?" என்று கேட்டால் "நல்லாத்தானே இருக்கு" என்பார்கள். கேள்வியைச் சிறிதாக்குங்கள்: "அடுத்த கூட்டத்தில் நான் மாற்றிக்கொள்ள வேண்டியது ஒன்றே ஒன்று சொல்லுங்கள்." மூன்று பேரிடம், அதில் ஒருவர் உங்களோடு ஒத்துப்போகாதவராக இருக்கட்டும். பதில் வரும்போது விளக்கம் கொடுக்காதீர்கள். எழுதிக்கொள்ளுங்கள், நன்றி சொல்லுங்கள், அதில் ஒன்றைச் செய்துவிட்டு நான்கு வாரம் கழித்து மறுபடி அதே ஆளிடம் போங்கள். சொன்னது வீண்போகவில்லை என்று அவர் கண்ணால் பார்த்தால்தான் இரண்டாவது உண்மையைச் சொல்வார். நீங்கள் பிறருக்குச் சொல்லும்போதும் எச்சரிக்கை தேவை. ஆவ்ரகாம் குளூகர், ஆஞ்சலோ டெநிசி என்ற ஆய்வாளர்கள் இருவரும் 1996இல் பின்னூட்டம், அதாவது செய்த வேலையின் குறை நிறையைச் சொல்வது, பற்றிய ஆய்வுகளை மொத்தமாகத் திரட்டிப் பார்த்தார்கள். சராசரியில் பின்னூட்டம் பலன் தருகிறது, ஆனால் மூன்றில் ஒரு பங்குக்கும் மேற்பட்ட தடவைகளில் செயல்திறனைக் குறைத்திருக்கிறது. பேச்சு வேலையை விட்டு ஆளின் மேல் திரும்பும்போது பலன் தேய்கிறது என்பது அவர்கள் தரும் விளக்கம். "ரசீதுப் புத்தகத்தில் 14 முதல் 19 வரை எண் காணோம்" என்பது வேலையைப் பற்றியது. "உனக்குப் பொறுப்பே இல்லை" என்பது ஆளைப் பற்றியது. இரண்டாவதைச் சொன்ன பிறகு அந்த ஆறு ரசீதும் கிடைக்காது.

கோபத்தைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், இந்த மண்ணிலேயே அதற்கு ஒரு பெரிய எடுத்துக்காட்டு இருப்பதால். மொரிஷியஸில் பிறந்து டிரான்ஸ்வாலில் வாழ்ந்த தம்பி நாயுடு பள்ளிப்படிப்பு இல்லாதவர். ஆங்கிலம், தமிழ், இந்துஸ்தானி, கொஞ்சம் தெலுங்கு, மொரிஷியஸ் கிரியோல் என்று பழகிப் பழகியே கற்றவர். காந்தி இங்கே நடத்திய சத்தியாகிரகத்தில் மறுபடி மறுபடி சிறைக்குப் போனார். 1913இல் நியூகாசில் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர்களை வேலைநிறுத்தத்துக்கு அழைக்கப் போன பெண்களோடு உடன் போனவர். கூட்டத்துக்குத் தலைமை தாங்கச் சொன்னாலும் மூட்டை சுமக்கச் சொன்னாலும் ஒரே மாதிரி சிறந்தார், தெருவில் சுமை தூக்கக் கூசியதில்லை என்று காந்தி எழுதியிருக்கிறார். அதே மூச்சில் இன்னொன்றையும் எழுதினார். அவசரமும் கோபமும் இல்லாதிருந்தால் அப்போதைய சமூகத் தலைவர் கச்சாலியா இல்லாத வேளையில் டிரான்ஸ்வால் சமூகத்தின் தலைமையை அவர் எளிதாக ஏற்றிருக்கலாம், பின்னாளில் அந்தக் கோபமே அவருடைய நல்ல குணங்களை மறைத்துவிட்டதாகக் கேள்விப்பட்டேன் என்று. காந்தியின் பார்வை ஒருவரின் பார்வைதான். ஆனால் உழைப்பும் தியாகமும் மொழியும் துணிச்சலும் எல்லாம் இருந்த ஒருவருக்கே குறுக்கே நின்றது எது என்று பாருங்கள். செய்யக்கூடியது எளிய காரியம்தான். இரவு எட்டு மணிக்கு மேல் குழுவின் வாட்ஸ்ஆப்பில் எதற்கும் பதில் எழுதுவதில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். சூடான கடிதத்தை எழுதிவிட்டுக் காலையில் படித்த பிறகே அனுப்புங்கள். கூட்டத்தில் குரல் ஏறினால் பத்து நிமிடம் தேநீர் இடைவேளை விடும் உரிமை நடத்துபவருக்கு உண்டு என்று முன்கூட்டியே எல்லோரிடமும் ஒப்புதல் வாங்கி வையுங்கள். கோபத்துக்குப் பிறகு மன்னிப்புக் கேட்பது நல்லது. ஆனால் அதே ஆளிடம் மூன்றாவது முறை கேட்கும் மன்னிப்புக்கு மதிப்பு இருக்காது.

கணக்கு தெரியாத தலைவர் பொருளாளரின் கைதி. சபை 1997ஆம் ஆண்டின் லாபநோக்கற்ற அமைப்புகள் சட்டத்தின்கீழ் பதிவானது என்றால் சில தேதிகள் மனப்பாடமாக இருக்க வேண்டும். நிதியாண்டு முடிந்து ஆறு மாதத்துக்குள் நிதி அறிக்கை. அதிலிருந்து இரண்டு மாதத்துக்குள் கணக்கு அலுவலரின் (கணக்கைப் பார்த்துச் சொல்லும் தகுதிபெற்ற கணக்காளர்) எழுத்து அறிக்கை. நிதியாண்டு முடிந்து ஒன்பது மாதத்துக்குள் இவை இரண்டும், செயல்பாட்டு அறிக்கையும் சமூக மேம்பாட்டுத் துறையின் இயக்குநரகத்துக்குப் போய்ச் சேர வேண்டும். நிர்வாகிகள் தேர்வானால் ஒரு மாதத்துக்குள் அவர்கள் பெயர், முகவரி தெரிவிக்கப்பட வேண்டும். உங்கள் பெயர் போன தேர்தலுக்குப் பிறகு தெரிவிக்கப்பட்டதா என்று நாளைக்கே செயலாளரிடம் கேட்டுப் பாருங்கள், முதல் பயிற்சி அதுதான். மாதாமாதம் பொருளாளரிடம் மூன்று எண்களைக் கேளுங்கள். வங்கியில் இருப்பு எவ்வளவு, அதில் கட்டட நிதி போல வேறு எதற்கும் தொடக்கூடாத பணம் எவ்வளவு, மீதி எத்தனை மாதச் செலவுக்கு வரும். உண்டியலை உறவினரல்லாத இரண்டு பேர் சேர்ந்து எண்ணி, தாளில் இருவரும் கையெழுத்திட்டு, அடுத்த வேலைநாளில் வங்கியில் கட்ட வேண்டும். இது சந்தேகத்துக்காக வைக்கும் விதி அல்ல, எண்ணுகிறவர்களைப் பழியிலிருந்து காப்பாற்றும் விதி. நன்கொடையாளர்கள் கேட்கும், வருமான வரிச் சட்டத்தின் 18ஏ பிரிவின்படியான வரிச்சலுகை ரசீது பற்றியும் தெரிந்து வையுங்கள். அதற்கு வருவாய்த் துறையின் தனி ஒப்புதல் வேண்டும். வழிபாட்டுக்கு மட்டும் தரும் பணத்துக்கு அது பொருந்தாது, நலப்பணி, கல்வி போன்ற செயல்களுக்குத்தான். தெரியாமல் எழுதிக் கொடுத்துவிட்டுப் பிறகு விழிப்பவர்கள் உண்டு.

இப்போது 18,000 ராண்டுக்கு வருகிறேன். பயிற்சி வீண் என்று நான் சொல்லவில்லை. 335 மாதிரிகளைச் சேர்த்து 2017இல் வந்த தொகுப்பாய்வு, தலைமைப் பயிற்சி பலன் தருகிறது என்றே காட்டுகிறது, ஆனால் எல்லாப் பயிற்சியும் ஒரே அளவுக்கு அல்ல. சேருபவரின் தேவையை முதலில் அலசுவது, ஒரே மூச்சில் முடிக்காமல் இடைவெளி விட்டு நடத்துவது, செய்து பார்த்துக் குறை நிறை கேட்க வைப்பது, நேருக்கு நேர் நடத்துவது ஆகியவை உள்ள பயிற்சிகள் அதிகம் பலன் தந்தன. தானே வீடியோ பார்த்து முடிக்கும் வகை பின்தங்கியது. ஆகவே பணம் கட்டும் முன் நிறுவனத்திடம் கேளுங்கள். தொடங்குவதற்கு முன் என் வேலையைப் பற்றி யாராவது என்னிடம் பேசுவார்களா? எத்தனை வாரத்துக்குப் பரவியிருக்கிறது? நான் கூட்டம் நடத்துவதை யாராவது பார்த்துக் குறை சொல்வார்களா? மூன்றுக்கும் சரியான பதில் இல்லை என்றால் வேண்டாம். சான்றிதழ் தேசியத் தகுதிச் சட்டகத்தில் பதிவானது என்று பெருமையாகச் சொல்வார்கள். அது வேலைக்கு விண்ணப்பிக்கும்போது உதவலாம், கூட்டம் நடத்தக் கற்பீர்கள் என்பதற்கு உத்தரவாதமில்லை. என் கணிப்பில் ஒன்பது மாதம் நோட்டு எழுதிவிட்டு, அதில் தெரியும் ஒரே ஒரு குறைக்கு மட்டும் காசு செலவு செய்யுங்கள். பேச்சு திக்கினால் பேச்சுப் பயிற்சிக் கழகம், கணக்கு புரியவில்லை என்றால் இரண்டு சனிக்கிழமை ஒரு கணக்காளரோடு. பெரும்பாலும் 18,000 ராண்டில் பாதிகூட ஆகாது.

இதில் எங்கே நிதானம் வேண்டும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். மேலே சொன்ன ஆய்வுகள் பெரும்பாலும் அமெரிக்க, ஐரோப்பியக் கம்பெனிகளிலும் ராணுவத்திலும் மருத்துவமனைகளிலும் நடந்தவை. அங்கே சம்பளம் இருக்கிறது. கோயில் சபையில் மனம் நொந்தவர் மறுநாள் வராமல் போகலாம், அதுவும் குடும்பத்தோடு. திசை பொருந்தும், எண்கள் அப்படியே பொருந்தும் என்று எதிர்பார்க்கக் கூடாது. உங்கள் சபையின் அமைப்புவிதி நான் சொன்னதற்கு மாறாக இருந்தால் அமைப்புவிதிதான் செல்லும். இதுவரை முழுதாகப் படிக்கவில்லை என்றால் இந்த வாரமே ஒரு பிரதி வாங்குங்கள். பணம் காணாமல் போனது, சொத்து வழக்கு, தேர்தல் தகராறு போன்றவை வளர்ச்சிப் பயிற்சிக்கு உரிய விஷயங்கள் அல்ல, அவற்றுக்கு வழக்கறிஞர் வேண்டும்.

தொடக்கமாக அடுத்த குழுக் கூட்டத்தில் 15 நிமிடப் பொருள் ஒன்றை நடத்தித் தர இப்போதே தலைவரிடம் கேட்டுவிடுங்கள். கூரைப் பழுது போன்ற சூடான பொருள் வேண்டாம். அன்னதானப் பாத்திரங்களைக் கணக்கெடுத்துப் பதிவேடு போடுவது மாதிரி ஒன்று போதும். ஏழு நாள் முன்பு அதற்கு அரைப் பக்கம் எழுதி அனுப்புங்கள், சமையற்கட்டு அக்காக்களிடம் எத்தனை அண்டா மூடியில்லாமல் இருக்கிறது என்று கேட்டுவிட்டு.